தொழில்நுட்பச் சார்புச் சமூகமும் நடைப்பிணப் புனைகதைகளும்: ஒரு விளக்கம்

முன்னுரை

இறந்தோர் எழுந்து நடமாடும் கதைகள் எந்தப் பண்பாட்டுக்கும் புதியன அல்ல. ஆயினும் 'ஸோம்பி' எனப்படும் உருவம் கடந்த நூறாண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிய ஒன்றாகும். மலாயில் மாமாட் காலிட் இயக்கிய 'ஸோம்பி கம்போங் பீசாங்' (2007), கொரியாவின் 'டிரெயின் டு பூசான்' (2016), தமிழில் 'மிருதன்' (2016) எனப் பல மொழித் திரைப்படங்களில் இவ்வுருவம் இடம்பெற்றுள்ளது. நம் மாணவர்களும் இதனை நன்கு அறிவர்.

இவ்வகைக் கதைகளுள் ஒரு பிரிவு, தொழில்நுட்பத்தை முற்றிலும் சார்ந்து வாழும் வருங்காலச் சமூகத்தைக் களமாகக் கொண்டது. தமிழ் வகுப்பறையில் இக்கதைகள் இரண்டு வகையாக எதிர்கொள்ளப்படக் காண்கிறோம். ஒன்று, வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல். மற்றொன்று, 'கருவிகள் மனிதனை நடைப்பிணமாக்கிவிட்டன. ஆகவே கருவிகளைத் தவிர்ப்போம்' என்னும் ஒற்றை அறிவுரையாகச் சுருக்கிவிடுதல். இரண்டாவது அணுகுமுறை முதலாவதைவிட மரியாதையானது போல் தோன்றினாலும், கதைகள் உண்மையில் கூறுவதை அதுவும் காணத் தவறுகிறது. இக்கட்டுரை, நடைப்பிண உருவத்தின் பிறப்பிடத்திலிருந்து தொடங்கி, அண்மைக்கால நாவல்கள் மூன்றனை இரு வினாக்களின் துணையோடு விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

'ஸோம்பி' என்னும் சொல்லைத் தமிழில் 'ஜாம்பி' என்றும் 'ஸோம்பி' என்றும் எழுதுகின்றனர். இதற்கு நிகராகப் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவை இல்லை. 'நடைப்பிணம்' என்னும் சொல் தமிழில் முன்னரே வழங்கிவருகிறது. ஆனால், அச்சொல்லை நாம் இறந்தவரைக் குறிக்கப் பயன்படுத்துவதில்லை. உயிரோடு இருந்தும் உணர்வும் ஊக்கமும் அற்றுப்போனவரையே அவ்வாறு குறிப்பிடுகிறோம். ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவரும், உலகத்தோடு பொருந்தி உதவி வாழத் தெரியாதவனை இறந்தவர் வரிசையில் வைக்கின்றார். உயிர் உண்டா இல்லையா என்பதை மூச்சைக் கொண்டு அளக்காமல் பிறரோடு கொள்ளும் உறவைக் கொண்டு அளக்கும் பார்வை இது.

தமிழ் மரபின் பேய் இதிலிருந்து வேறுபட்டது. கலிங்கத்துப்பரணியின் பேய்களுக்குப் பசி உண்டு. பேச்சும் உண்டு, நகைச்சுவையும் உண்டு, தலைவியும் உண்டு. அவை கூழ் சமைக்கின்றன, முறையிடுகின்றன. நடைப்பிணத்திற்கோ உடல் மட்டுமே எஞ்சியுள்ளது. பேயிடம் ஆசை மிகுதி. நடைப்பிணத்திடம் 'தான்' என்பதே இல்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால், இவ்வுருவம் ஏன் தோன்றியது என்பது விளங்கும்.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த உருவம்

நடைப்பிண நம்பிக்கையின் பிறப்பிடம் கரீபியக் கடலில் உள்ள ஹைத்தி. பிரெஞ்சு ஆட்சியில் சாந்தோமிங்கு எனப்பட்ட அந்நாடு, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் சர்க்கரை விளைவித்துச் செழித்தது. 1791இல் அங்கு அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் ஹைத்தி விடுதலை பெற்றது. இறந்தபின் ஆன்மா ஆப்பிரிக்கத் தாயகம் திரும்பும் என அடிமைகள் நம்பினர். அந்நிலையில் சாவுதான் அவர்களுக்கு எஞ்சிய விடுதலை. சாவுக்குப் பிறகும் உடலை எழுப்பி வேலை வாங்க ஒருவனால் முடியும் என்றால், அதனினும் கொடிய அச்சம் வேறு இருக்க முடியாது. ஹைத்தி மக்கள் அஞ்சியது நடைப்பிணத்தைக் கண்டு அன்று. தாமே நடைப்பிணமாக ஆக்கப்படுவதைக் குறித்தே அவர்கள் அஞ்சினர்.

இந்நம்பிக்கையை ஆங்கில வாசகரிடையே பரப்பிய நூல், அமெரிக்கப் பயண எழுத்தாளர் வில்லியம் சீபுரூக் 1929இல் வெளியிட்ட 'தி மேஜிக் ஐலண்ட்' ஆகும். ஹைத்தியை அமெரிக்கப் படை ஆக்கிரமித்திருந்த காலம் (1915-1934) அது. தாம் கேட்டதாகச் சீபுரூக் எழுதும் செவிவழிக் கதை ஒன்று நம் கவனத்திற்குரியது. டி ஜோசப் என்பவன் பேச்சற்ற கூலிகள் சிலரை அமெரிக்கச் சர்க்கரை நிறுவனம் ஒன்றின் கரும்பு வயலுக்கு அழைத்து வருகிறான். அவர்கள் கல்லறையிலிருந்து எழுப்பப்பட்டவர்கள். அவர்களின் கூலியை அவனே பெற்றுக்கொள்கிறான். அவர்களுக்கு உப்பில்லாத உணவே தரப்பட வேண்டும் என்பது விதி. ஒரு நாள் அவன் மனைவி இரக்கப்பட்டு இனிப்புப் பண்டம் வாங்கித் தருகிறாள். அதிலிருந்த கடலையில் உப்புக் கலந்திருந்தது. உப்புப் பட்டதும் அவர்கள் தம் நிலையை உணர்கின்றனர். யார் தடுத்தும் நில்லாமல் தம் ஊருக்கு நடந்து, தத்தம் கல்லறையை அடைந்து வீழ்கின்றனர்.

இக்கதையில் உப்பு வகிக்கும் இடம் தமிழருக்கு எளிதில் விளங்கும். சூடு சொரணை அற்றவனைப் பார்த்து, 'சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?' எனக் கேட்பது நம் பேச்சு வழக்கு. இரு நாட்டு வழக்குகளுக்கும் இடையே தொடர்பு இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் உப்பைத் தன்மான உணர்வின் அடையாளமாகக் கொள்ளும் பார்வை இரண்டிலும் ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. இக்கதையிலிருந்தே நமக்குத் தேவையான இரு வினாக்களும் கிடைக்கின்றன. முதலாவது, எசமான் யார்? அதாவது, பறிக்கப்பட்ட விருப்பாற்றல் யாரிடம் சென்று சேர்கிறது? இரண்டாவது, உப்பு எது? அதாவது, உணர்வை மீட்டுத் தருவது எது?

எசமானை இழந்த பசி

1932இல் வெளிவந்த 'ஒயிட் ஸோம்பி' என்னும் திரைப்படம் சீபுரூக் காட்டிய உருவத்தைப் பின்பற்றியது. அதில் ஒரு சர்க்கரை ஆலையில் நடைப்பிணங்கள் செக்கைச் சுற்றி உழைக்கின்றன. ஒருவன் இயந்திரத்துள் விழுகிறான். ஏனையோர் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றனர்.

இவ்வுருவத்தை முற்றிலும் மாற்றியவர் ஜார்ஜ் ரொமேரோ. ரிச்சர்ட் மத்தீசன் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' (1954) நாவலின் தாக்கத்தைப் பெற்ற அவரது 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) திரைப்படத்தில் எசமான் இல்லை. வெள்ளிக் கோளிலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என ஊகிக்கப்படுகிறதே ஒழிய, எவரும் கட்டளையிடுவதில்லை. எழுந்த பிணங்கள் மனிதரைத் தின்கின்றன. 'டான் ஆஃப் தி டெட்' (1978) படத்தில் அவை பேரங்காடி ஒன்றைச் சூழ்ந்து நிற்கின்றன. உயிரோடிருந்த காலத்துப் பழக்கம் அவற்றை அங்கே இழுத்து வருகிறது. இவ்வாறு, உழைக்கும் உடலாக இருந்த நடைப்பிணம் நுகரும் உடலாக மாறியது.

ஹைத்தியின் நடைப்பிணம் கீழ்ப்படிந்தது. ரொமேரோவின் நடைப்பிணம் பசித்தது. தொழில்நுட்பச் சார்புச் சமூகத்தைக் களமாகக் கொண்ட கதைகளின் தனித்தன்மை, இவ்விரண்டையும் மீண்டும் ஒன்றிணைப்பதில் உள்ளது.

இயந்திரச் சார்பு: முன்னோடிகள்

இவ்விணைப்புக்கு வழி வகுத்த படைப்புகள் இரண்டு. ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்னும் கதையில், மக்கள் நிலத்தடி அறைகளில் தனித்தனியே வாழ்கின்றனர். உணவு, காற்று, உரையாடல் அனைத்தையும் ஓர் இயந்திரமே வழங்குகிறது. அது பழுதடையும்போது, அதைச் சீர்செய்யும் அறிவு எவரிடமும் முழுமையாக இல்லை. 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' நாடகம் உலகிற்கு 'ரோபோ' என்னும் சொல்லைத் தந்தது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும். ஆக, ரோபோவும் நடைப்பிணமும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: மனத்தை நீக்கிவிட்டு உழைப்பை மட்டும் பெற முடியுமா?

கணினித் துறையும் இச்சொல்லை அதன் தொடக்கப் பொருளிலேயே எடுத்துக்கொண்டது. உரிமையாளர் அறியாமலே தொலைவிலுள்ள ஒருவரின் கட்டளைக்கு இயங்கும் கணினி, 'ஸோம்பி கணினி' எனப்படுகிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் யாஹூ, ஈபே, அமேசான் முதலிய இணையத்தளங்களை முடக்கிய தாக்குதல், இத்தகைய கணினிகளைக் கொண்டே நிகழ்த்தப்பட்டது. டி ஜோசப்பின் கூலிகளைப் போலவே, அக்கணினிகளும் தாம் யாருக்காக உழைக்கிறோம் என அறியாமல் உழைத்தன.

'செல்': உதவி கேட்கும் கை

ஸ்டீபன் கிங் 2006இல் வெளியிட்ட 'செல்' நாவல் மத்தீசன், ரொமேரோ ஆகிய இருவருக்கும் காணிக்கையாக்கப்பட்டது. ஓர் அக்டோபர் முதல் நாள் பிற்பகலில், கைத்தொலைபேசி வழியே ஒரு துடிப்பொலி பரவுகிறது. அதைக் கேட்டவர் அனைவரும் அறிவிழந்து பிறரைத் தாக்குகின்றனர். கலவரத்தைக் கண்டு உதவி கேட்கத் தொலைபேசியை எடுப்பவரும் அக்கணமே அவ்வாறு ஆகின்றனர். தொழில்நுட்பச் சார்பின் இயல்பைக் கிங் இங்கே நுட்பமாகக் காட்டுகிறார். ஆபத்தில் கை தானாக எந்தக் கருவியை நாடுகிறதோ, அதுவே ஆபத்தின் வாயிலாக அமைகிறது.

நாளடைவில் பாதிக்கப்பட்டோர் பறவைக் கூட்டம் போல் ஒன்றுசேர்ந்து இயங்கத் தொடங்குகின்றனர். மனித மூளை, அழிக்கப்பட்ட கணினி வட்டைப் போன்றதாகி, இப்போது வேறு நிரல் ஏற்றப்படுகிறது என ஜோர்டன் என்னும் சிறுவன் விளக்குகிறான். பசித்த கூட்டம் கட்டளைக்குப் பணியும் கூட்டமாகிறது. ஆனால், துடிப்பொலியை அனுப்பியவர் யார் என்பதை நாவல் இறுதிவரை சொல்வதில்லை. எசமான் யார் என்னும் வினாவுக்கு விடையின்மையே இங்கு விடையாகிறது.

உப்பு எது என்னும் வினாவே இந்நாவலில் சிக்கலானது. கைத்தொலைபேசி வைத்திராத ஓவியன் கிளே, கையால் எழுதி வைக்கப்பட்ட குறிப்புகளைப் பின்பற்றித் தன் மகனைத் தேடிச் செல்கிறான். இதுவரை படிப்பவர், கருவியைத் துறப்பதே மீட்சி என எண்ணக்கூடும். ஆனால், தப்பிப் பிழைத்தோரைக் கண்ணியில் சிக்கவைப்பதும் சுவரில் எழுதப்பட்ட ஒரு குறிப்புதான். 'காஷ்வாக் என்னும் இடத்தில் கைத்தொலைபேசி அலைவரிசை இல்லை' என்பதே அதன் செய்தி. அதனை நம்பி மக்கள் அங்குத் திரள்கின்றனர். கருவியற்ற இடம் என்னும் ஆசையே பொறியாகிறது. 'கருவிகளைத் தவிர்ப்போம்' என்னும் எளிய அறிவுரையை இந்நாவலின் கதைப்போக்கே மறுத்துவிடுகிறது எனலாம்.

'வோர்ல்ட் வார் ஸி': மறந்துபோன கைத்திறன்

அதே 2006இல் மாக்ஸ் புரூக்ஸ் வெளியிட்ட 'வோர்ல்ட் வார் ஸி' வாய்மொழி வரலாறு போல் அமைந்தது. நடைப்பிணங்களுக்கு எதிரான உலகப் போர் முடிந்தபின், தப்பியோர் பலரும் தத்தம் நினைவுகளைக் கூறுகின்றனர். அவற்றுள் மூன்று பகுதிகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை.

முதலாவது யோங்கர்ஸ் போர். அங்கே அமெரிக்கப் படைவீரர் ஒவ்வொருவரும் ஒருங்கிணைந்த மின்னியல் கருவியை அணிந்துள்ளனர். ஒருவர் காண்பதை அனைவரும் அறியலாம். வெற்றிக்காக அமைத்த இணைப்பு, ஒரு வீரர் கடிபடும் கணத்தின் அச்சத்தை அனைவருக்கும் கொண்டுசெல்கிறது, படை சிதறுகிறது. கருவி பழுதடையவில்லை, சரியாக இயங்கியதே தோல்விக்குத் துணைபோயிற்று.

இரண்டாவது, போர்க்கால மனிதவளத்தைத் திரட்டும் பொறுப்பேற்ற அதிகாரியின் கூற்று. நிர்வாகிகள், ஆலோசகர்கள் எனப் பெரும்பகுதியினருக்கு உயிர்வாழ்வுக்கு உதவும் தொழில் எதுவும் தெரியவில்லை. குழாய் பழுதுபார்க்கவும் தோட்டம் இடவும் அறிந்தவர்கள், அதுவரை கீழ்நிலையில் வைக்கப்பட்டிருந்த குடியேறிய தொழிலாளர்களே. அவர்கள் ஆசிரியர்களாகின்றனர், பழைய முதலாளிகள் மாணவர்களாகின்றனர். ஹைத்திக் கதையின் எசமான்-கூலி உறவு இங்கே தலைகீழாக மாறுவது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது, ஜப்பானிய இளைஞன் கோண்டோ தத்சுமியின் கதை. அறையை விட்டு வெளிவராத அவன், நடைப்பிணங்களைப் பற்றிய தகவல்களை இணையத்தில் திரட்டுவதிலேயே மூழ்கியிருக்கிறான். அம்மா வழக்கம்போல் உணவு கொண்டுவருவது நின்றதும் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. இணையத் தொடர்பு அறுந்த பின்னரே பெற்றோர் இல்லை என்பதும் ஆபத்து வாசலில் நிற்பதும் அவனுக்கு உறைக்கின்றன. அச்சந்தரும் செய்தியை அறிந்திருந்தும் அச்சத்தை அவன் உணரவில்லை. அறிவுக்கும் உணர்வுக்கும் இடையே விழுந்த இவ்விடைவெளியே இந்நாவல் காட்டும் உண்மையான நடைப்பிண நிலை. பின்னர் அவன், நாகசாகி அணுகுண்டால் பார்வையிழந்த முதிய தோட்டக்காரர் ஒருவரிடம் மாணவனாகச் சேர்கிறான். ஓர் ஆசிரியரோடு ஏற்படும் அவ்வுறவே அவனுக்கு உப்பாகிறது.

'ஃபீட்': அச்சமே எசமான்

மிரா கிராண்ட் என்னும் புனைபெயரில் ஷானன் மெக்குவயர் 2010இல் வெளியிட்ட 'ஃபீட்', இவ்வகைக் கதைகளுள் முழுமையான வருங்காலச் சமூகத்தைச் சித்தரிப்பது. புற்றுநோய்க்கும் சளிக்காய்ச்சலுக்கும் தீர்வாக ஆக்கப்பட்ட இரு கிருமிகள் 2014இல் ஒன்றுகலந்து, இறந்தோரை எழுப்புகின்றன. ஒரு தலைமுறைக்குப் பின் மக்கள் பாதுகாப்பாக வாழ்கின்றனர். ஆனால், ஒவ்வொரு வாசலிலும் இரத்தப் பரிசோதனைக் கருவி உள்ளது. வீட்டுக்குள் நுழையவும் வாகனத்தில் ஏறவும் தாம் இன்னும் மனிதரே என்பதை இயந்திரத்திடம் அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும்.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தை வாழ்ந்து கடந்த நமக்கு இச்சித்தரிப்பு வேறொரு பொருளைத் தருகிறது. மலேசியாவில் அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பின்னர்க் கடை வாசலில் கைத்தொலைபேசியைக் காட்டிப் பதிவு செய்வதும் உடல்வெப்பம் அளக்கப்படுவதும் அன்றாட வழக்கமாயின. அவை உயிர்காக்க மேற்கொள்ளப்பட்டவை. 'ஃபீட்' நாவலும் பரிசோதனையைப் பழிக்கவில்லை; நோய் உண்மையானது, கருவியும் தேவையானது என்பதை அது ஏற்கிறது. அது கேட்பது, காவல் நடவடிக்கை எப்போது முடிவுக்கு வரும், அதை முடிவு செய்பவர் யார் என்பதே. மக்களின் அச்சம் நீடிப்பதால் சிலருடைய அதிகாரமும் நீடிக்கிறது. எனவே, இந்நாவலில் எசமான் கிருமி அன்று. அச்சத்தை ஆளத் தெரிந்தவர்களே.

இந்நாவலில் உணர்வை மீட்பதும் தொழில்நுட்பத்தின் வழியே நிகழ்கிறது. பெரிய ஊடகங்கள் தயங்கியபோது உண்மையைச் சொன்னவர்கள் தனிப்பட்ட வலைப்பதிவர்கள். அத்துடன், ரொமேரோவின் படங்களைப் பார்த்திருந்ததால் மக்கள் ஆபத்தை அடையாளம் கண்டனர் என்றும், அந்நன்றியால் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினர் என்றும் கதை கூறுகிறது. கற்பனைக் கதையும் உயிர்காக்கும் அறிவாகலாம் என்பது இதன் உட்கருத்து.

தமிழ்ச் சூழலும் வகுப்பறையும்

மேற்கண்ட மூன்று நாவல்களையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. எந்த நாவலும் கருவியே மனிதனை நடைப்பிணமாக்குகிறது எனக் கூறவில்லை. தீர்மானிக்கும் ஆற்றலைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததையும் மறந்துவிடும் நிலையையே அவை நடைப்பிண நிலையாகக் காண்கின்றன. இவ்வேறுபாடு சிறியதன்று. முதல் கூற்று மாணவரைக் குற்றவாளியாக்குகிறது; இரண்டாவது அவரைச் சிந்திக்கச் செய்கிறது.

தமிழ்ப் புனைகதைக்கு இக்களம் அந்நியமானதன்று. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இயந்திரக் கட்டுப்பாட்டுக்குள் வாழும் வருங்காலச் சமூகத்தை முன்னரே காட்டியுள்ளது. மலேசியத் தமிழருக்கு இன்னொரு வாயிலும் உண்டு. ஹைத்தியின் அடிமைமுறையும் மலாயாவின் ஒப்பந்தக்கூலி, கங்காணி முறைகளும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றெனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. எனினும், தோட்டம் என்னும் அமைப்பு மனிதரை வேலை செய்யும் உடலாக மட்டும் எண்ணிப் பதிவேட்டில் ஏற்றிய அனுபவம் இருதரப்புக்கும் உண்டு. நடைப்பிணம் தோட்டத்தில் பிறந்த உருவம் என்பதை அறியும் மாணவர், அதனை ஹாலிவுட்டின் இறக்குமதியாக மட்டும் இனிக் காண மாட்டார். பால்மரக் காட்டில் வாழ்ந்த தம் பாட்டனாரைப் பற்றிய கதையையும் அவ்வுருவத்தின் வழியே அவரால் எழுத இயலும்.

ஆசிரியர்கள் இவ்வகைக் கதைகளை வகுப்பறையில் கையாளும்போது இரு வினாக்களையும் பயன்படுத்தலாம். மாணவர் எழுதிய கதையில் ஒரு நகரமே நடைப்பிணமாகிவிட்டது என்றால், 'இது பாடத்திற்கு ஏற்றதன்று' எனத் திருப்பித் தராமல், 'இவர்களின் விருப்பாற்றல் யாரிடம் இருக்கிறது?' எனக் கேட்கலாம். 'கைத்தொலைபேசியைத் தவிர்ப்போம்' எனக் கதை முடிந்தால், 'உப்பு எது? அதைக் கொடுத்தது யார்?' எனக் கேட்கலாம். இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர், அறிவுரையிலிருந்து கதைக்கு நகர்வார்.

இன்று கட்டுரையையும் கதையையும் கணினியே எழுதித் தரும் நிலையில், இது மொழியாசிரியரின் நேரடிக் கவலையுமாகும். சொல்லைத் தேர்தல், வாக்கியத்தை அமைத்தல், எழுதியதைத் திருத்துதல் ஆகியவை தீர்மானிக்கும் ஆற்றலின் பயிற்சிகள். கருவியைப் பயன்படுத்தும் மாணவர் அத்தீர்மானங்களைத் தாமே எடுக்கிறாரா, அல்லது கருவி தந்ததை அப்படியே ஒப்படைக்கிறாரா என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கருவியைத் தடைசெய்வதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. கருவியின் துணையோடு எழுதிய ஒரு பத்தியை மாணவர் தம் வாயால் விளக்கிக் காட்டும்போதே அது புலப்படும்.

முடிவுரை

நடைப்பிண உருவம் ஹைத்தியின் கரும்புத் தோட்டத்தில், விருப்பாற்றல் பறிக்கப்பட்ட உழைப்பாளியின் அச்சமாகப் பிறந்தது; ரொமேரோவின் திரைப்படங்களில் எசமானற்ற பசியாக மாறியது; தொழில்நுட்பச் சார்புச் சமூகத்தைப் பேசும் நாவல்களில் இவ்விரு பண்புகளும் மீண்டும் ஒன்றிணைந்தன. 'செல்' எசமானை மறைத்தும், 'வோர்ல்ட் வார் ஸி' எசமான்-கூலி உறவைத் தலைகீழாக்கியும், 'ஃபீட்' அச்சத்தை ஆள்வோரை எசமானாகக் காட்டியும் தத்தம் விடைகளைத் தருகின்றன. கைத்திறன், ஆசிரியர்-மாணவர் உறவு, உண்மையை எடுத்துரைத்தல் ஆகியன பின்னிரு நாவல்களிலும் உணர்வை மீட்கும் உப்பாக அமைகின்றன. அம்மூன்றும் தமிழ் வகுப்பறையின் பணிகளே. ஆகவே, இவ்வகைமையைப் பாடத்திற்குப் புறம்பானது என ஒதுக்காமல், பாடத்தின் ஒரு பகுதியாகவே வாசித்து விளக்குவது பயனுடையதாகும்.